2011 லேப்டாப், இன்டெல் + என்விடியா இரண்டும் உண்டு: விண்டோஸ் 7 போட்டதும் ஸ்க்ரீன் இழுபட்டு நிற்கிறது, என்ன செய்ய?

குழித்துறை அச்சகம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது குழித்துறைப் பக்கம் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், பதினாறு அடியந்திரக் கார்டு (இறந்தவருக்குப் பதினாறாம் நாள் நடக்கும் சடங்குக்கு) என்று போகும். அப்பா காலத்திலிருந்து எல்லா வேலையும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். பழைய நோட்டீஸைத் திறந்து தேதியையும் கமிட்டிக்காரர்கள் பெயரையும் மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும், அதனால் "இன்டிசைனுக்கு மாறு" என்று யாரும் தொடங்க வேண்டாம், அது தனிக் கதை.

பழைய டெஸ்க்டாப் மதர்போர்டு போய்விட்டது. கையில் இருப்பது 2011 மாடல் லேப்டாப் ஒன்று. ஐ5 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், இன்டெல் எச்டி 3000, கூடவே என்விடியா ஜிடி 525எம். யாரோ இடையில் விண்டோஸ் 10 போட்டு வைத்திருந்தார்கள். அதில் எங்கள் ஸ்கேனர் வேலை செய்யாது, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துரு மென்பொருளோடு வந்த டாங்கிளும் (அதைக் குத்தினால்தான் அந்த மென்பொருள் ஓடும்) அதே கதைதான். அதனால் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 7, 32 பிட் போடச் சொன்னேன்.

போட்டுத் தந்தார்கள். ஆனால் ஸ்க்ரீன் 1024-க்கு 768-இல் நிற்கிறது, எழுத்தெல்லாம் அகலவாக்கில் இழுத்த மாதிரி. பிரகாசம் கூட்டிக் குறைக்கும் பட்டன் அசையவே இல்லை. ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப் மங்கலாகக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. என்விடியா தளத்திலிருந்து டிரைவர் இறக்கிப் போட்டால் பொருந்தும் ஹார்டுவேர் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடையில் திரும்பக் கேட்டால் "கார்டு போச்சு, போர்டு மாத்தணும்" என்றார்கள். விண்டோஸ் 10-இல் முந்தின நாள்வரை ஓடிய கார்டு எப்படிப் போகும்?

இன்னொன்று, அப்பா எக்ஸ்பியே போதும் என்கிறார், அவருக்குப் பழகியது அதுதான். எக்ஸ்பி போட்டால் இந்த மாதிரி இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப் சூடாகி எரிந்துவிடும் என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? மாசி மாதம் மண்டைக்காடு கொடை வருவதற்கு முன்னால் இதை ஓட வைத்தாக வேண்டும். நோட்டீஸ் வேலை குவியும்.

திங்கள்சந்தை:

மக்கா, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) எக்ஸ்பி ஓட்டு. தலைவலி தீர்ந்தது.

வடசேரி பழைய பெட்டி:

அண்ணே, கார்டு போகவில்லை. நீங்கள் சொன்ன நாலு அடையாளமும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது: இன்டெல் டிரைவர் போடவே இல்லை. இப்போது உங்கள் ஸ்க்ரீனை ஓட்டுவது விண்டோஸ் தானாகப் போடும் பொதுவான விஜிஏ டிரைவர். அதற்கு 1366-க்கு 768 தெரியாது, பிரகாசத்தை மாற்றத் தெரியாது, அது இருக்கும்வரை ஸ்லீப்பும் வேலை செய்யாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள், ஸ்டாண்டர்டு விஜிஏ என்று ஒன்று இருக்கும், கீழே மஞ்சள் ஆச்சரியக்குறியோடு இன்னொன்று கிடக்கும்.

இந்த லேப்டாப்பில் இரண்டு கார்டும் எப்படி இணைந்திருக்கிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. 2008, 2009 வாக்கில் வந்த இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்களில் ஸ்க்ரீன் கேபிளை இங்கோட்டு அங்கோட்டு மாற்றிவிட போர்டிலேயே ஒரு சுவிட்ச் சிப் இருந்தது. சில மாடல்களில் வெளியே கையால் தள்ளும் சுவிட்சே உண்டு. ஒன்று இன்டெல், இல்லாவிட்டால் தனிக் கார்டு, இரண்டும் சேர்ந்து இல்லை. 2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்று ஒன்றை அறிவித்தது. அதில் பெரும்பாலான மாடல்களில் அந்தச் சுவிட்ச் சிப்பையே எடுத்துவிட்டார்கள். லேப்டாப் ஸ்க்ரீன் எப்போதும் இன்டெல்லோடுதான் ஒட்டியிருக்கும். என்விடியா படத்தை வரைந்து இன்டெல்லின் நினைவகத்தில் கொண்டு வைக்கும், இன்டெல் அதை ஸ்க்ரீனுக்கு அனுப்பும். அதாவது இன்டெல் எழுந்திருக்காமல் என்விடியாவுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் இன்டெல் டிரைவர் இல்லாத நிலையில் என்விடியா இன்ஸ்டாலர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிரிக்கிறது. சில சமயம் எப்படியோ ஏறிவிடும், ஆனால் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் நீங்கள் என்விடியாவோடு இணைந்த திரையைப் பயன்படுத்தவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். காரணம் அதேதான்.

இனி செய்ய வேண்டியது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் போட்டு விண்டோஸ் 7, 32 பிட் என்று தேர்ந்தெடுங்கள். முதலில் சிப்செட் (போர்டுக்கான டிரைவர்), அதை முடித்து ரீஸ்டார்ட். அப்புறம் இன்டெல் கிராபிக்ஸ், மறுபடியும் ரீஸ்டார்ட். இந்த இடத்திலேயே ஸ்க்ரீன் சரியாகிவிட வேண்டும், ஆகாவிட்டால் மேலே போக வேண்டாம், இங்கே வந்து சொல்லுங்கள். கடைசியாகத்தான் என்விடியா, அதுவும் லேப்டாப் கம்பெனி கொடுத்த பழைய பதிப்பே முதலில். 525எம் ஃபெர்மி தலைமுறை, அந்தத் தலைமுறைக்கு என்விடியாவின் கடைசி டிரைவர் 2018-இல் வந்த 391.35. அதற்கு மேல் எந்த நம்பரை இறக்கினாலும் இந்தக் கார்டை அதற்குத் தெரியாது. 390 வரிசைக்குப் பிறகு 32 பிட்டுக்கே டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவேளை நீங்கள் இறக்கியது அதற்குப் பிந்தையதாகவும் இருக்கலாம், பெயரில் உள்ள நம்பரைப் பாருங்கள்.

"பேஜ்மேக்கருக்கு என்விடியா எதற்கு, அதைப் போடாமலே விட்டுவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான், பேஜ்மேக்கர் அந்தக் கார்டைத் தொடவே தொடாது. ஆனால் ஆப்டிமஸ் லேப்டாப்பில் டிரைவர் போடுவது கார்டை ஓட்டுவதற்கு மட்டும் இல்லை, அணைப்பதற்கும்தான். வேலை இல்லாத நேரத்தில் கார்டுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்தச் சொல்வது அந்த டிரைவர். டிரைவர் இல்லையென்றால் கார்டு ஒன்றும் செய்யாமல், ஆனால் கரண்ட் குடித்துக்கொண்டு, சூடாக உட்கார்ந்திருக்கும், அடியந்திர வீட்டில் கை கழுவியும் பந்தியை விட்டு எழும்பாத ஆளைப் போல. டிவைஸ் மேனேஜரில் வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தால் அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர் எதிராகத்தான் நடக்கும், அணைக்கத் தெரிந்த டிரைவரை வெளியே அனுப்பிவிட்டு கார்டை மட்டும் விழிக்க வைத்த கணக்கு. எனவே டிரைவரைப் போடுங்கள், கண்ட்ரோல் பேனலில் 3டி அமைப்பு என்ற பகுதியில் விருப்ப கிராபிக்ஸ் ப்ராசஸர் என்று வரும் இடத்தில் இன்டெல்லைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அவ்வளவுதான், பிறகு அதை மறந்துவிடலாம்.

எக்ஸ்பி பற்றி. எரிந்துபோகும் என்பது சும்மா பேச்சு, பேடிக்க வேண்டாம். காற்றாடியையும் அளவு மீறிய சூட்டையும் பார்த்துக்கொள்வது போர்டு, விண்டோஸ் இல்லை. ஆனால் ஆப்டிமஸ் விண்டோஸ் 7-உம் அதற்கு மேலும்தான். எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் கிடையாது. உங்கள் எச்டி 3000-க்கு எக்ஸ்பி டிரைவர் இன்டெல் கொடுத்திருக்கிறது, அதைப் போட்டால் ஸ்க்ரீன் சரியாக வரும், பேஜ்மேக்கர் ஓடும். என்விடியாவை அணைக்க மட்டும் அங்கே ஆள் இல்லை. பேட்டரி சீக்கிரம் தீரும், கை வைக்கும் இடம் சுடும், காற்றாடி நிற்காமல் ஓடும். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், தனிக் கார்டை அணைக்கும் வசதி இருந்தால் எக்ஸ்பியிலும் பிரச்சினை இல்லை. திங்க்பேட் டபிள்யூ520 போன்ற அலுவலக மாடல்களில் இன்டெல் மட்டும், தனிக் கார்டு மட்டும், ஆப்டிமஸ் என்று மூன்று வழியும் பயாஸிலேயே உண்டு. வீட்டு உபயோக மாடல்களில் அந்த வரியையே காணாது. எஃப்2 அழுத்திப் பாருங்கள், இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்பாவிடம் விண்டோஸ் 7-இல் கிளாசிக் தீம் போட்டுக் காட்டுங்கள். பாதிக் கோபம் தணியும்.

குழித்துறை அச்சகம்:

அண்ணே ரொம்ப நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. டிவைஸ் மேனேஜரில் நீங்கள் சொன்னபடியே ஸ்டாண்டர்டு விஜிஏவும் ஒரு மஞ்சள் குறியும் இருக்கிறது. என்விடியா ஃபைலின் பெயரில் 47-இல் தொடங்கும் நம்பர். பயாஸில் கிராபிக்ஸ் என்ற சொல்லே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கில் என்னென்னவோ வேண்டாத சாமான் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார், முகப்பில் அவர் கடை பெயர் வேறு. அதனால் ஆதியிலிருந்து நானே போடலாம் என்று பார்க்கிறேன். லேப்டாப் அடியில் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் என்று ஸ்டிக்கர் இருக்கிறது, கீ மங்கலாகத் தெரிகிறது. அதில் வந்தது 64 பிட், நான் போடப்போவது 32. அந்த கீ ஏற்குமா? பென் டிரைவில் போட்டுத் தொடங்கினால் பாதியில் சிடி டிவிடி டிரைவர் இல்லை என்று கேட்கிறது. பென் டிரைவில் இருந்து போடும்போது சிடி டிரைவர் எதற்கு?

திங்கள்சந்தைக்காரர் சொன்ன லினக்ஸ் வழியில் ஸ்கேனர் வேலை செய்யுமா என்பதும் தெரிய வேண்டும்.

குளச்சல் சர்வீஸ்:

அந்தச் செய்தியை நம்ப வேண்டாம், அது கேட்பது சிடி டிரைவர் இல்லை. பென் டிரைவை நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் குத்தியிருப்பீர்கள். விண்டோஸ் 7 சிடியில் யுஎஸ்பி 3.0-க்கு டிரைவர் கிடையாது. பயாஸ் பென் டிரைவைப் படித்துத் தொடங்கி வைக்கும், விண்டோஸ் கையில் எடுத்ததும் அந்தப் போர்ட் அதற்குத் தெரியாது, தான் எங்கிருந்து வந்தோம் என்றே தெரியாமல் நிற்கும். கறுப்புப் போர்ட்டில் மாற்றிக் குத்துங்கள், நேரே உள்ளே போகும். உங்களுடையது 2011 என்பதால் கறுப்புப் போர்ட் இருக்கிறது. ஆறாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் எல்லாமே புதிய வகை என்பதால் அங்கே யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ்கூட இன்ஸ்டால் நேரத்தில் வேலை செய்யாது, அது வேறு பாடு.

கீ ஏற்கும். அடியில் இருக்கும் ஸ்டிக்கர் கீ அந்தப் பதிப்புக்கானது, 32-ஆ 64-ஆ என்று பார்க்காது. ஹோம் பேசிக் சிடியேதான் வேண்டும், அல்டிமேட் போட்டுவிட்டு இந்த கீயைக் கொடுத்தால் ஏற்காது. ஆன்லைனில் ஏற்க மறுத்தால் ஃபோன் வழியாக ஆக்டிவேட் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் மங்கலாக இருந்தால் மொபைலில் ஃபோட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், 8-உம் B-யும் தான் குழப்பும்.

டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் புதிய முறை) என்று சொல்லி நிறுத்தினால், விண்டோஸ் 10 போட்டவர்கள் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய வகை) முறையில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 32 பிட் விண்டோஸ் 7-க்கு அது ஆகாது. உள்ளே உள்ள ஃபைலையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு டிஸ்க்கைப் பழைய முறையான எம்பிஆர் ஆக மாற்றிப் போடுங்கள். மாற்றும்போது எல்லாம் அழியும், பேஜ்மேக்கர் ஃபைல் எதுவும் அதில் இல்லையே?

அப்புறம் முக்கியமாக ஒன்று. டிரைவர் எதுவும் போடும் முன்னால் பின்பக்கத்தைக் கழற்றி காற்றாடியைப் பாருங்கள். எங்கள் கடைக்கு வருகிற பழைய லேப்டாப்பில் சூடு சூடு என்று வருவதில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் பிரச்சினையே இல்லை, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் வாயில் கம்பளி மாதிரி தூசி அடைத்திருக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் கூடவே உப்புக்காற்றில் அந்த மெல்லிய தகடெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். இந்த மாதிரி மாடலில் இன்டெல் ப்ராசஸருக்கும் என்விடியாவுக்கும் சேர்த்து ஒரே செம்புக் குழாய்தான் ஓடும், ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். இத்தனை வருஷத்தில் சிப்பின் மேல் தடவிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும், துடைத்துவிட்டு ஒரு மிளகு அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். அச்சகத்தில் பேப்பர் தூசி வேறு. இதைச் செய்யாமல் எந்த விண்டோஸ் போட்டாலும் காற்றாடி கத்தத்தான் செய்யும்.

திங்கள்சந்தை:

ஸ்கேனர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே ஒற்றை வரியில் சொன்னது வடசேரி அண்ணனுக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் விரித்துச் சொல்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி ஓட்டும்போது அந்த எக்ஸ்பிக்கு உங்கள் இன்டெல்லும் தெரியாது, என்விடியாவும் தெரியாது. மென்பொருள் காட்டும் ஒரு பொய்க் கார்டுதான் தெரியும். ஆகவே இரட்டை கிராபிக்ஸ் தகராறு முழுக்க வெளியே நின்றுவிடும். வெளியே லினக்ஸில் நூவோ என்ற திறந்த டிரைவர் கூடவே வரும், அது வேலை இல்லாத என்விடியா கார்டைத் தானாக அணைத்துவிடும். என்விடியாவின் சொந்த லினக்ஸ் டிரைவரில் ஃபெர்மிக்கான 390 வரிசையை அவர்கள் 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், அதைத் தேடிப் போக வேண்டாம். யுஎஸ்பி ஸ்கேனரையும் டாங்கிளையும் மெனுவில் டிக் போட்டு எக்ஸ்பிக்குள் அனுப்பலாம், 32 பிட் டிரைவர் அங்கே ஏறும். பெரும்பாலான ஸ்கேனர் இப்படி ஓடும், சில டாங்கிள் முரண்டு பிடிக்கும். முதலில் உங்கள் டாங்கிளை ஏதாவது நண்பர் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

4 ஜிபி ரேம்தான் இடறுகிறது. எக்ஸ்பிக்கு 1 ஜிபி கொடுத்தால் தாராளம், மீதியில் மின்ட்டின் லேசான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ ஓடும், பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் திணறும். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 பழசு வாங்கிச் சொருகினால் சுகம்.

பழைய பேஜ்மேக்கர் ஃபைலை ஸ்கிரைபஸ் 1.6 என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறக்க முடியும், தெரியுமா? பெட்டிகளும் படமும் ஓரளவு அதே இடத்தில் வரும், எழுத்துப் பழைய எழுத்துருவில்தான் இருக்கும். உடனே மாறச் சொல்லவில்லை, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வடசேரி பழைய பெட்டி:

பிடிக்காது என்றெல்லாம் இல்லை தம்பி, வழி நல்ல வழிதான். ஆனால் மாசிக்கு முன்னால் ஓட வேண்டும் என்கிறார், அப்பாவும் உட்கார்ந்து வேலை செய்கிற கம்ப்யூட்டர். திரைக்குள் ஒரு திரை, ஸ்கேனர் வேண்டுமென்றால் ஒரு மெனு, ஃபைல் அனுப்ப ஒரு பகிர்வு ஃபோல்டர், இதெல்லாம் நமக்கு விளையாட்டு, அவருக்கு தினமும் ஒரு பஞ்சாயத்து. ஸ்கேனரும் டாங்கிளும் நேரடியாக விண்டோஸ் 7-இல் ஓடுமென்றால் அதிலேயே நிற்கட்டும்.

அண்ணே, நெட் விஷயம் மட்டும் ஓர்மையில் இருக்கட்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது, காசு கொடுத்தவர்களுக்கு 2023 ஜனவரி வரை. குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 115-ஓடு. இந்த லேப்டாப்பில் மெயில், பேங்க் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபோட்டோவை மொபைலில் வாங்கி, கேபிள் போட்டு உள்ளே எடுங்கள். புரூஃப் பிடிஎஃப் அதே வழியில் வெளியே போகட்டும். வைஃபை டிரைவரையே போடாமல் விட்டால் இன்னும் நிம்மதி, யாரும் தெரியாமல் இணைத்துவிட மாட்டார்கள். இன்ஸ்டால் செய்யும்போது அப்டேட் வேண்டுமென்றால் எஸ்பி1 (முதல் சர்வீஸ் பேக்) உள்ள சிடியில் தொடங்கி, கேபி4490628, அப்புறம் கேபி4474419 என்ற அப்டேட்களை இந்த வரிசையில் கையால் போடுங்கள். இவை இரண்டும் இல்லாமல் விண்டோஸ் அப்டேட்டில் ஒன்றும் வராது.

விண்டோஸ் 10-க்குத் திரும்பிப் போவதிலும் லாபம் இல்லை. அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. எச்டி 3000-க்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் அதிகாரப்பூர்வமாகக் கொடுக்கவே இல்லை, ஓடியது பழைய டிரைவரின் புண்ணியத்தில். 11 இந்த லேப்டாப்பை வாசலிலேயே நிறுத்திவிடும்.

குழித்துறை அச்சகம்:

போட்டாயிற்று! கறுப்புப் போர்ட்டில் குத்தியதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கீ ஆன்லைனில் ஏற்கவில்லை, ஃபோனில் சரியாகிவிட்டது. சிப்செட், இன்டெல், என்விடியா என்ற வரிசையில் போட்டேன், இன்டெல் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்க்ரீன் சும்மா பளிச்சென்று 1366-இல் வந்தது, அப்பா "கார்டு போச்சுன்னு சொன்னவன கூட்டிட்டு வா" என்கிறார். பிரகாசப் பட்டனும் ஸ்லீப்பும் வேலை செய்கின்றன. ஏதாவது ஐகானில் வலது கிளிக் செய்தால் எந்த கிராபிக்ஸில் ஓட்ட வேண்டும் என்று ஒரு புது வரி வருகிறது. ஸ்கேனர், டாங்கிள் இரண்டும் ஓடுகின்றன. காற்றாடியைக் கழற்றிப் பார்த்தேன், குளச்சல் அண்ணன் சொன்ன அதே கம்பளி.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பேஜ்மேக்கருக்கு லேப்டாப் ஸ்க்ரீன் சின்னது என்று பழைய மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்திருக்கிறேன். இணைத்தவுடன் காற்றாடி வேகம் கூடுகிறது, கழற்றினால் கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. விருப்ப கிராபிக்ஸ் இன்டெல் என்றுதான் வைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறது?

வடசேரி பழைய பெட்டி:

தவறு ஒன்றும் இல்லை. நான் முன்னே சொன்னது லேப்டாப்பின் சொந்த ஸ்க்ரீனுக்கு. வெளியே போகும் போர்ட்டை எந்தக் கார்டோடு இணைப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாடலுக்கும் அவர்கள் விருப்பப்படி செய்தது. சிலதில் எல்லாம் இன்டெல்லில், சிலதில் எச்டிஎம்ஐ மட்டும் என்விடியாவில். டபிள்யூ520-இல் வெளி மானிட்டர் முழுக்க என்விடியாவில்தான். என்விடியாவில் ஒட்டிய போர்ட்டில் மானிட்டர் இருக்கும்வரை அந்தக் கார்டு தூங்க முடியாது, நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்து வைத்தாலும்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிஸ்எக்ஸ் அமைப்பு என்று ஒரு பக்கம் இருக்கும். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் ஒரு படம் உண்டு: இரண்டு கார்டும் வரைந்து, எந்தத் திரை எதிலிருந்து போகிறது என்று கோடு போட்டுக் காட்டும். மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்து ஒரு தடவை, விஜிஏயில் இணைத்து ஒரு தடவை பாருங்கள்.

குழித்துறை அச்சகம்:

பார்த்தேன். எச்டிஎம்ஐ என்விடியாவுக்குக் கீழே வருகிறது, விஜிஏ இன்டெல்லுக்குக் கீழே. பழைய விஜிஏ கேபிளை எடுத்து மாட்டிவிட்டேன், காற்றாடி அடங்கிவிட்டது. எழுத்து எச்டிஎம்ஐ அளவுக்குக் கூர்மை இல்லைதான், மானிட்டரில் ஆட்டோ பட்டனை அழுத்தியதும் போதும் என்ற அளவுக்கு வந்தது. கலர் வேலைக்கு மட்டும் எச்டிஎம்ஐக்கு மாற்றிக்கொள்வேன்.

குளச்சல் சர்வீஸ்:

நல்லது. இப்போதே ஒரு வேலை செய்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் போய், இடப்பக்கம் சிஸ்டம் இமேஜ் உருவாக்கு என்பதை அழுத்தி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். ரிப்பேர் டிஸ்க்கும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இறக்கிய டிரைவர் மூன்றையும் அதே டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் போட்டு வைக்கலாம், பழைய மாடல்களின் டிரைவர் பக்கம் எப்போது தளத்திலிருந்து காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. டிஸ்க் வாங்க வேண்டுமென்றால் 500 ஜிபி பழசே போதும், மார்த்தாண்டத்திலேயே கிடைக்கும்.